பேசின வாடகை எது? ஷேரிங் வீட்டில் கணக்குத் தகராறு வரும்போது

மே மாதம் 5-ஆம் தேதி காலை. ஜி.பேயில் பணம் வந்த சத்தம் கேட்டது. சின்ன ரூமில் இருக்கும் தம்பி 6,000 ரூபாய் போட்டிருந்தான். கரண்ட் பில்லில் அவனுடைய பங்கு 960 ரூபாய், அது வரவில்லை. மறந்திருப்பான் என்று நினைத்துக் கேட்டேன். "அண்ணா, 6,000னா எல்லாம் சேர்த்துதானே பேசினோம்?" என்றான். ஏமாற்றும் முகமே இல்லை. அவன் உண்மையாகவே அப்படித்தான் புரிந்துவைத்திருந்தான்.

வேளச்சேரியில் மூன்று படுக்கையறை வீடு அது. அக்ரிமென்ட் என் பெயரில். ஓனருக்கு மாதம் 24,000, மெயின்டெனன்ஸ் 2,400, ஆக 26,400. ஏசியும் அட்டாச்டு பாத்ரூமும் உள்ள பெரிய ரூமில் நான், 9,000. நடு ரூமில் இரண்டு பேர், ஆளுக்கு 5,700. சின்ன ரூமில் இந்தத் தம்பி, 6,000. கூட்டிப் பார்த்தால் சரியாக 26,400 வரும். இந்தக் கூட்டல் என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. மற்ற மூவருக்கும் தெரிந்தது அவரவர் கொடுக்கும் தொகை மட்டுமே.

அவன் தை மாதம் வந்தவன். மார்ச் தொடக்கத்தில் வந்த கரண்ட் பில் 420 ரூபாய்தான். பொங்கலுக்கு எல்லாரும் ஊருக்குப் போய்விட்டோம், ஏசியும் ஓடவில்லை. ஆளுக்கு 105 ரூபாய்க்குப் போய் என்ன கணக்கு என்று நானே கட்டிவிட்டேன். அங்கேதான் முடிச்சு விழுந்தது. பில் வந்தது அவனுக்குத் தெரியும், தன்னிடம் யாரும் கேட்கவில்லை என்பதும் தெரியும். அதனால் தன் 6,000-க்குள் கரண்டும் அடக்கம் என்று முடிவுக்கு வந்துவிட்டான். மே மாதம் வந்த பில் 3,840. அதற்குள் அவன் மனதில் அந்தக் கணக்கு நன்றாகப் பதிந்துவிட்டது.

ஒரே வீட்டில் பலர் பங்கு போட்டுத் தங்கும் இடங்களில் வரும் வாடகைத் தகராறுகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவைதான். முதல்முறையாக ஒரு வீட்டைப் பொறுப்பெடுத்து நடத்துபவர்களும், மாடி ரூம்களைப் பேச்சிலர்களுக்கு விடும் ஓனர்களும் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை வராது. "பேசின வாடகை" என்றால் உண்மையில் என்ன என்பதுதான் அது.

தொகை மட்டும் வாடகை ஆகாது

"மாசம் ஆறாயிரம்" என்று சொல்லும்போது மூன்று விஷயங்களை ஒரே வார்த்தையில் அடைக்கிறோம். எவ்வளவு என்பது ஒன்று. எதற்கு என்பது இரண்டாவது. யாருக்கும் யாருக்கும் இடையில் என்பது மூன்றாவது. முதலாவதை எல்லாரும் பேசுகிறோம். மற்ற இரண்டையும் எதிராளிக்குத் தெரியும் என்று நாமே எடுத்துக்கொள்கிறோம்.

"எதற்கு" என்பதற்குள் என்னென்ன வரும் என்று பாருங்கள். கரண்ட், மெயின்டெனன்ஸ், கேன் தண்ணீர், கோடையில் லாரித் தண்ணீர், வைஃபை, சமைக்க வரும் அக்காவின் சம்பளம், கேஸ் சிலிண்டர், பைக் நிறுத்தும் இடம். இவற்றில் எது உள்ளே, எது வெளியே என்று சொல்லாவிட்டால் ஒவ்வொருவரும் தனக்கு வசதியான மாதிரி நினைத்துக்கொள்வார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது. உங்களுக்கு வசதியானதைத்தானே நீங்களும் நினைத்திருக்கிறீர்கள்?

கரண்ட் பில்லைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டாதவரை 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்குக் குறைந்த விலை. 500-ஐத் தாண்டிவிட்டால் அந்தக் குறைந்த விலை கிடையாது, மேலே போகப் போக யூனிட் விலையும் ஏறும். அதாவது ஒரு ரூமில் ஏசி ஓடினால் அந்த ஏசிக்கான யூனிட் மட்டும் கூடுவதில்லை, ஃபேன் மட்டும் போட்டுக்கொள்பவர்களுடைய யூனிட்டும் விலை ஏறுகிறது. நான்கு பேர், நால்வருக்கும் சமபங்கு என்று பிரிப்பது பார்க்க நியாயமாகத் தெரியும். ஏசி இல்லாத ரூமில் இருப்பவன் பக்கம் நின்று பார்த்தால் அது அநியாயம். என் வீட்டில் ஏசி ஓடியது என் ரூமில். அந்தத் தம்பி "எல்லாம் சேர்த்துதானே" என்று சொன்னதற்குப் பின்னால் இந்த மனக்குறையும் இருந்தது. உட்கார்ந்து பேசிய பிறகுதான் அது வெளியே வந்தது.

யார் யாருக்குக் கொடுக்க வேண்டியவர்?

இதில்தான் புதியவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். ஷேரிங் வீட்டில் மூன்று விதமான ஏற்பாடு உண்டு. உங்களுடையது எது என்று தெரியாமல் தகராறைத் தொடவே கூடாது.

ஓனர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி ரூமை விடுவது முதல் வகை. இங்கே ஒருவர் கொடுக்காவிட்டால் அது அவருக்கும் ஓனருக்கும் உள்ள பிரச்சினை. பக்கத்து ரூம்காரர் நடுவில் போய் மாட்டிக்கொள்ளத் தேவையில்லை, ஓனரும் அவரிடம் போய்க் கேட்கக் கூடாது.

இரண்டாவது வகையில், எல்லாரும் ஒரே அக்ரிமென்டில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். கையெழுத்துப் போடும்போது யாருக்கும் இதன் கனம் தெரிவதில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 43-ஆம் பிரிவு இதற்குத்தான். பலர் சேர்ந்து ஒரு வாக்குறுதி கொடுத்தால், வேறு மாதிரி எழுதாதவரை, அவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். அப்படி முழுதும் கட்டியவர் மற்றவர்களிடம் அவரவர் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒருவர் கைவிரித்துவிட்டால் அந்த நஷ்டத்தை மீதிப்பேர் சமமாகச் சுமக்க வேண்டும். "என் பங்கை நான் கொடுத்துட்டேன், அவனைப் போய்க் கேளுங்க" என்று ஓனரிடம் சொன்னால் செல்லாது. இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. பங்கு எவ்வளவு என்று தனியாக எழுதாவிட்டால் சட்டம் சமபங்கு என்றே எடுத்துக்கொள்ளும். பெரிய ரூமுக்கு 9,000, சின்ன ரூமுக்கு 6,000 என்று உங்களுக்குள் பேசியிருந்தால், அதற்கு ஒரு துண்டுச்சீட்டாவது வேண்டும்.

மூன்றாவது என் வீட்டு வகை. அக்ரிமென்ட் ஒருவர் பெயரில், மற்றவர்கள் அவரிடம் கொடுப்பார்கள். இங்கே ஓனருக்கு முழுப் பொறுப்பும் நீங்கள்தான். தம்பி 6,000 கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் 26,400 உங்களிடமிருந்துதான் போக வேண்டும். அதோடு, ஓனருடைய எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் ஆள் சேர்ப்பது உள்வாடகைக்கு விட்டதாக ஆகிவிடக்கூடும். உள்வாடகைக்குச் சம்மதம் வேண்டும் என்று தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. சம்மதம் வாங்காமல் ஆள் வைத்திருப்பவர், தகராறு முற்றும்போது எங்கே போய் முறையிடுவார்? முதல் கேள்வி அவரை நோக்கியே வரும். அதனால் ஆள் சேர்க்கும் முன்பே ஓனரிடம் ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். "இந்த வீட்டில் இன்னாருடன் மேலும் மூன்று பேர் தங்கிக்கொள்ள எனக்குச் சம்மதம்" என்பது போதும், தேதியும் கையெழுத்தும் இருக்கட்டும்.

தொகை குறைந்து வந்த அன்று

முதலில் செய்யக்கூடாத ஒன்று. வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் கேட்காதீர்கள். நாலு பேர் பார்க்கும் இடத்தில் பணத்தைப் பற்றிக் கேட்டால் எந்த மனிதனும் தன் பக்கத்தைத்தான் இறுக்கிப் பிடிப்பான். தப்பு தன்மேல் என்று தெரிந்தாலும் இறங்கி வர வழி இருக்காது.

குறைந்து வந்த பணத்தைத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். சிலர் கோபத்தில் "முழுசாக் கொடு, இல்லாட்டி வேண்டாம்" என்று திருப்பிவிடுவார்கள். பிறகு அவர் "கொடுத்தேன், வாங்க மாட்டேன்னுட்டாங்க" என்று சொல்ல இடம் கொடுத்தது போல் ஆகிவிடும். வாடகையை ஓனர் வாங்க மறுத்தால் அதை அரசின் வாடகை அதிகாரியிடம் கட்டிவைக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் சும்மா வாங்காதீர்கள். அன்றே தனியாக ஒரு செய்தி போடுங்கள். 6,000 தர வேண்டியவர் 5,000 மட்டும் போட்டார் என்று வையுங்கள், இப்படி:

"தம்பி, இன்னைக்கு 5,000 வந்தது. நாம பேசினது 6,000. இதை மே மாத வாடகையில ஒரு பகுதியா வரவு வைக்கிறேன். மீதி 1,000 பத்தி ஞாயிறு காலைல உட்கார்ந்து பேசுவோம்."

இதில் கோபம் இல்லை, மிரட்டல் இல்லை. ஆனால் குறைந்த தொகையை நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்பது தேதியோடு பதிவாகிவிட்டது. இரண்டு மூன்று மாதம் வாய்திறக்காமல் குறைந்த தொகையை வாங்கிவிட்டு, பிறகு "பேசினது வேற" என்றால் எடுபடாது. மார்ச் மாதம் 105 ரூபாயைக் கேட்காமல் விட்டு நான் படித்த பாடம் இது. பணத்தை விட்டுக்கொடுக்கலாம், அது உங்கள் மனசு. விட்டுக்கொடுத்ததைச் சொல்லிவிட வேண்டும். "இந்தத் தடவை கரண்ட் பில்லை நான் பார்த்துக்கறேன், அடுத்த பில்லிலிருந்து பிரிச்சுக்கலாம்" என்று அன்று ஒரு வரி போட்டிருந்தால் மே மாதப் பேச்சே வந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் கையில் இருப்பதைத் தேடி எடுங்கள். அக்ரிமென்ட், முதன்முதலில் ரூமைப் பற்றிப் பேசிய செய்திகள், புரோக்கர் இருந்தால் அவருக்கு அனுப்பிய விவரம், ஜி.பே வரவுகள். முதல் மூன்று மாதம் எவ்வளவு வந்தது என்பது முக்கியம். 6,000 என்று மூன்று முறை போட்டவர் நான்காவது மாதம் "5,000 தான் பேசினோம்" என்றால் அவருடைய கணக்கே அவருக்கு எதிராக நிற்கும். அதை முகத்தில் அடித்த மாதிரி நீட்ட வேண்டாம். சேர்ந்து பார்க்கலாம் என்று போனை நடுவில் வைத்தால் போதும்.

உட்கார்ந்ததும் முதலில் அவரைப் பேச விடுங்கள். "நீ என்ன புரிஞ்சுக்கிட்டு வந்த, அதைச் சொல்லு" என்று கேளுங்கள். தகராறு எந்த வகை என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும். தொகையே வேறு என்கிறாரா, எது அடக்கம் என்பதில் குழப்பமா, நிலைமை மாறிவிட்டது என்கிறாரா, இல்லை, கையில் பணம் இல்லையா?

கடைசியாகச் சொன்னதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வேலை போயிருக்கும், சம்பளம் தள்ளிப்போயிருக்கும், ஊரில் யாருக்காவது ஆஸ்பத்திரிச் செலவு. "என்னிடம் பணம் இல்லை" என்று சொல்ல வாய் வராது. அதற்குப் பதிலாக "இந்த ரூமுக்கு இவ்வளவு வாடகை ஜாஸ்தி" என்று வரும். அப்படிப்பட்டவரிடம் அக்ரிமென்டைக் காட்டிப் பேசினால் அவர் ஒடுங்கிப்போவார் அல்லது எரிந்துவிழுவார். எப்போது முடியும் என்று கேட்டு, 15-ஆம் தேதி பாதி, சம்பளம் வந்ததும் பாதி என்று எழுதிக்கொண்டால் தகராறு அங்கேயே கரைந்துவிடும். வாடகையைக் குறைத்துவிடாதீர்கள், அவகாசம் கொடுங்கள். இரண்டும் வேறு வேறு.

நிலைமை மாறியது என்பவர்களுக்கு வேறு பேச்சு. நடு ரூமில் ஒருவர் காலி செய்ய, அவசரத்துக்குப் புதியவரை 5,200-க்குச் சேர்க்கிறீர்கள். அதே ரூமில் 5,700 கொடுப்பவர் அன்று மாலையே கேட்பார். சட்டப்படி அவர் பேசியது 5,700, காலம் முடியும்வரை அதுதான். ஆனால் ஒரே ரூமில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலுக்கு இரண்டு விலை வைத்தால் அந்த வீடு நிம்மதியாக நடக்காது என்பது என் அனுபவம். புதியவரைச் சேர்க்கும் முன்பே பழையவரிடம் சொல்லி, குறையும் 500 ரூபாயை யார் ஏற்பது என்று முடிவு செய்துவிட வேண்டும். குழாயில் தண்ணீர் வரவில்லை, ஃபேன் ஓடவில்லை என்பதற்காகக் குறைத்துக் கொடுப்பவரிடம் அந்தக் குறையைத் தனியாக எடுத்துச் சரிசெய்து கொடுங்கள். இரண்டையும் ஒரே பேச்சில் கலந்தால் ஃபேனும் ஓடாது, வாடகையும் வராது.

என் வீட்டில் எப்படி முடிந்தது என்று சொல்கிறேன். 3,840-ல் பாதி, அதாவது 1,920, ஏசி ரூமுக்கு. மீதி 1,920-ஐ மற்ற மூவருக்கும் பிரித்தால் ஆளுக்கு 640. மே மாத பில்லில் தம்பியின் 640-ஐயும் நானே ஏற்றுக்கொண்டேன், அவன் அப்படி நினைக்க நான்தான் இடம் கொடுத்திருந்தேன். அடுத்த பில்லிலிருந்து அவன் பங்கு அவனுடையது. கணக்கை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி நான்கு பேரும் கையெழுத்துப் போட்டு போட்டோ எடுத்துக்கொண்டோம். ஜூலை பில் வந்த அன்று கேட்கும் முன்பே பணம் போட்டுவிட்டான். இதைவிடத் துல்லியமாக வேண்டும் என்பவர்கள் ஏசி ரூமுக்கு மட்டும் எலக்ட்ரீஷியனை வைத்து ஒரு சப் மீட்டர் போட்டுவிடலாம்.

பேசியும் தீராவிட்டால்

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் புதிய வாடகைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. 2017-ல் இயற்றப்பட்ட அந்தச் சட்டம் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் வந்தது. அதன் அடிப்படை எளிமையானது. இரு தரப்பும் எழுதி ஒப்புக்கொண்டதுதான் வாடகை, உயர்த்துவதும் அதில் எழுதியபடிதான். அக்ரிமென்ட் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர்தான் அந்த அதிகாரி. பதிவை இணையத்திலேயே செய்யலாம். 11 மாத அக்ரிமென்ட்தானே, பதிவு எதற்கு என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்தச் சட்டத்தில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

எழுத்தில் இருப்பதுதான் நிற்கும் என்பதால் ஒரு பழக்கத்தை விட்டே ஆக வேண்டும். வரிக்குப் பயந்து அக்ரிமென்டில் 15,000 என்று போட்டுவிட்டு கையில் 24,000 வாங்கும் ஓனர்கள் உண்டு. தகராறு வந்தால் அந்த 15,000-தான் வாடகை என்று எதிராளி சொல்வார். எழுதியதை வாய்ப்பேச்சால் மாற்றப் பார்ப்பது மிகக் கஷ்டம். குடியிருப்பவருக்கும் இதில் நஷ்டம் உண்டு. வீட்டு வாடகைப்படிக்கு வரிவிலக்கு கேட்கும்போது அவர் காட்ட முடிந்தது காகிதத்தில் இருக்கும் தொகையைத்தான். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண்ணையும் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அதைக் கேட்ட இடத்தில்தான் பல வீடுகளில் முதல் சண்டையே தொடங்குகிறது. உண்மையான தொகையை எழுதுங்கள்.

எவ்வளவு கோபம் வந்தாலும் கரண்டைப் பிடுங்குவது, தண்ணீரை அடைப்பது, பூட்டை மாற்றுவது, சர்டிஃபிகேட்டையோ லேப்டாப்பையோ எடுத்துவைத்துக்கொள்வது கூடவே கூடாது. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தச் சட்டம் நேரடியாகத் தடை விதிக்கிறது. அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயமும் அந்த ஒரு செயலில் போய்விடும். வெளியூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பிள்ளை ராத்திரி பத்து மணிக்குப் பூட்டிய கதவுக்கு வெளியே பையோடு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். எந்த 1,000 ரூபாய்க்கும் அது தகாது.

இரண்டு மாத வாடகை பாக்கி நின்றால் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் முழுப் பாக்கியையும் கட்டிவிட்டால் அந்தப் பாக்கியை வைத்து வெளியேற்ற முடியாது. கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றம். அதற்கு முன் நோட்டீஸை எழுதித் தர ஒரு வக்கீலைப் பார்த்துவிடுவது நல்லது.

ஆனால் ஷேரிங் வீடுகளில் பெரும்பாலும் அவ்வளவு தூரம் போவதில்லை. "சரி, நான் காலி பண்ணிக்கறேன், பாக்கியை அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்பதில் வந்து நிற்கும். அதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றும், கழிக்க வேண்டியதைக் கழித்து, காலி செய்த ஒரு மாதத்துக்குள் மீதியைத் திருப்பிவிட வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. நாங்கள் செய்வது இது. ரூமைக் காலி செய்யும் நாளில் இருவரும் சேர்ந்து ஒருமுறை சுற்றிப் பார்ப்போம், மீட்டர் எண்ணைப் போட்டோ எடுப்போம். பிறகு ஒரே தாளில் வரிசையாக, உதாரணத்துக்கு: அட்வான்ஸ் 18,000. மே மாத வாடகை மீதி 1,000. கரண்ட் பங்கு 640. உடைந்த ஜன்னல் கண்ணாடி, கடைக்காரர் பில்லில் உள்ளபடி 450. திருப்ப வேண்டியது 15,910. அதை அவர் முன்னாலேயே போனில் அனுப்பி, "கணக்கு முடிந்தது" என்று அவர் கையால் எழுதி வாங்கிக்கொள்வோம். சாவியை வாங்குவது அதற்குப் பிறகு.